நலிந்த அங்கத்தினர்க்கு வழித்துணை

கூட்டுறவுச் சங்கத்தின் கடன் பேரேட்டில் ஓர் அங்கத்தினரின் பெயருக்கு எதிரே, தவணை தவறியது என்று எழுத அரை நிமிஷம் போதும். அத்தவணை ஏன் தவறிற்று என்பதை எழுதுவதற்கு அப்பேரேட்டில் இடமில்லை. வாங்கிய பசு சினை நிற்காமற் போயிற்றா, வீட்டில் ஒருவர் நோயுற்றாரா, பால் பணம் முழுவதும் பழைய கைமாற்றுக்குப் போய்விட்டதா, அன்றிச் சங்கத்தின் படியேறி நிலைமையை எடுத்துச் சொல்லக் கூசி அந்த அங்கத்தினர் வீட்டிலேயே இருந்துவிட்டாரா என்பன போன்ற விஷயங்கள் நிர்வாகிகளின் காதுக்கு எட்டும்போது, பெரும்பாலும் மாடு விற்கப்பட்டிருக்கும். கடன் மட்டும் மிஞ்சியிருக்கும்.

இவ்வாறு தவறுகிறவர்களுள் நேர்மையற்றவர் சிலர் உண்டு. எனினும் பெரும்பான்மையோர் அத்தகையவர் அல்லர். நிலமும் கல்வியும் துணையுமின்றி, அன்றாடக் கூலியில் காலந்தள்ளிவந்த வயதுவந்தோர், முதன்முறையாக ஒரு தொழிலைத் தம் பொறுப்பில் நடத்தப் புகும்போது இடறுகிறார்கள். இவர்களுக்குப் பணம் கொடுத்தால் போதுமா, அல்லது பணத்தோடு கூட ஒரு மனிதரும் சென்று சிறிது காலம் உடனிருக்க வேண்டுமா என்பது சங்கங்கள் தீர ஆராயத்தக்க கேள்வியாகும்.

இக்கேள்வி புதியதன்று. கிராம வங்கிகளை ஏற்படுத்துவதைப் பற்றி ஆராயச் சென்னை அரசாங்கம் 1892ஆம் ஆண்டில் பிரெடெரிக் நிக்கல்ஸன் என்பவரை நியமித்தது. அவர் ஐரோப்பிய தேசங்களின் கிராம வங்கிகளையெல்லாம் பரிசீலித்து, 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக அறிக்கை வெளியிட்டார். இத்தனை விவரங்களையும் தொகுத்த பிறகு அவர் முடிவாகக் கூறிய யோசனை, ராய்பைசனைத் தேடிப் பிடியுங்கள் என்பதாம். ராய்பைசன் என்பவர் ஜெர்மனியில் ரைன் நதிப் பிரதேசத்துச் சிற்றூர்களில் நகராண்மைத் தலைவராக இருந்தவர். 1846-47ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்க வழி செய்ததில் தொடங்கி, 1864இல் ஹெட்டெஸ்டார்ப் என்னும் ஊரில் கடன் சங்கம் நிறுவியவர். ஒருவரையொருவர் அறிந்த சிறிய வட்டாரத்துக்குள்ளேயே சங்கம் இருக்க வேண்டும் என்றும், நிர்வாகிகள் ஊதியமின்றி உழைக்க வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தியதற்குக் காரணம், கடன் வாங்கியவனின் வயலையும் தொழுவத்தையும் கடன் கொடுத்தவன் கண்ணால் காண வேண்டும் என்பதேயாம். ஆகவே நிக்கல்ஸன் தேடச் சொன்னது ஒரு வகை வங்கியை அன்று. ஒரு வகை மனிதரை.

1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே அக்காலச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் சங்கம் பதிவாயிற்று. பின்னர்ச் சங்கங்கள் பெருகின. கணக்கைச் சரிபார்க்க மேற்பார்வையாளர்களும் தணிக்கையாளர்களும் வந்தார்கள். கணக்குப் பார்ப்பவர் இன்றியமையாதவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் பார்ப்பது காகிதத்தை. தொழுவத்தைப் பார்க்க வேண்டியவர் யார் என்பது பல சங்கங்களில் யாருடைய வேலையுமாக இல்லாமற் போயிற்று.

தொழுவத்தில் நேர்வது யாது என்பதை ஓர் உதாரணத்தால் காண்க. கணவனை இழந்த ஒரு பெண் கறவைப் பசு வாங்கக் கடன் பெறுகிறாள் என்று வைத்துக்கொள்க. அவள் பிறர் மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டவள்; சொந்த மாடு வைத்திருந்தவள் அல்லள். பசு ஈன்று இரண்டு மாதம் ஆனது, பால் கறக்கிறது, பால் சங்கத்தில் பணம் வருகிறது, தவணையும் ஒழுங்காகக் கட்டப்படுகிறது. முதல் சில மாதங்களில் எல்லாம் செம்மையாகவே தோன்றும். ஆனால் பசு ஓர் ஈற்றில் சுமார் பத்து மாதமே கறக்கும். அது கறந்துகொண்டிருக்கும்போதே மீண்டும் சினையாகாவிட்டால், பால் வற்றிய பின் நீண்ட காலம் தீனி போட்டுச் சும்மா காக்க நேரிடும். பசு பருவத்துக்கு வருவது 21 நாட்களுக்கு ஒருமுறை. அந்தப் பருவமோ ஒரு நாளுக்கும் குறைவாகவே நீடிக்கும். சில பசுக்கள் கத்தும். சில கத்தாமலேயே பருவம் கடந்துவிடும். வழும்பு தெரிகிறதா, மற்ற மாடுகள் மேலே தாவ அசையாமல் நிற்கிறதா, பால் சிறிது குறைந்ததா என்று பார்க்கத் தெரிந்தவர்க்கே அது புலப்படும். காலையில் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போட வேண்டும்.

இந்தப் பெண் காலை விடியுமுன் கறந்துவிட்டுக் கூலி வேலைக்குப் போகிறவள். முதல் பருவம் அவள் கண்ணில் படவில்லை. இரண்டாவது பட்டது, ஆனால் மருத்துவ நிலையத்துக்கு யாரிடம் சொல்லி அனுப்புவது என்று தெரியவில்லை. மூன்றாவது தடவை ஊசி போடப்பட்டது. நின்றதா இல்லையா என்று சோதிக்க இரண்டு மூன்று மாதத்தில் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதை எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. தவறிய மூன்று பருவங்களுக்கு 63 நாட்கள். நின்றது என்று நம்பி வீணாகக் காத்திருந்தது மேலும் மூன்று மாதம். அடுத்த கன்று பிறக்க ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகும். இடையில் பால் வற்றியது. தவணை மட்டும் வற்றவில்லை. புண்ணாக்குக்குக் கடன், கடனுக்கு வட்டி, கடைசியில் மாட்டுத் தரகர். ஆண்டு முடிவில் பேரேட்டில் எழுதப்படுவது ஒரே வரி.

இந்தக் கதையில் அவளுக்குப் பணம் குறைவாகக் கொடுக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் வந்து மாட்டைப் பார்த்து, இந்த வாரம் கவனித்துக்கொண்டிரு, இன்ன அடையாளம் கண்டால் இன்னாரிடம் சொல் என்று கூறும் ஒரு மனிதர் குறைந்தார். அவ்வளவே. நிலமும் மாடும் உள்ள வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்த மனிதர் தகப்பனாராகவோ, சிற்றப்பாவாகவோ, மாமியாராகவோ வீட்டிலேயே இருக்கிறார். அவர்கள் அதை உதவி என்று எண்ணுவதுகூட இல்லை. ஏதுமற்ற வீட்டில் பிறந்தவர்க்கு இல்லாமற் போனவற்றுள் கண்ணுக்குத் தெரியாத பொருள் இதுவேயாகும்.

தென்னாட்டில் இவ்வுண்மையை முன்னரே உணர்ந்து வேலை செய்த இடங்களுள் மார்த்தாண்டம் ஒன்று. அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்து 1956இல் தமிழ்நாட்டோடு இணைந்த அவ்வூரில், வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் கிராம புனருத்தாரண நிலையத்தை 1920களில் ஸ்பென்ஸர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் நடத்தினார். தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு, முட்டைகளைக் கூட்டாக விற்றல் முதலியன அங்கே பரவின. தன்முயற்சி, அதனோடு விஷயம் தெரிந்தவரின் நெருங்கிய ஆலோசனை என்னும் இரண்டையும் இணைத்ததே அவர் கொள்கை. ஆலோசனை என்பதற்கு முன்னே அவர் வைத்த நெருங்கிய என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். தேனீப் பெட்டியை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனால் என்ன நிகழும்? மழைக்காலத்தில் பூ குறைந்தபோது சர்க்கரைப்பாகு வைக்க வேண்டும் என்பதோ, அடையில் மெழுகுப் பூச்சி விழுந்தால் என்ன செய்வது என்பதோ தெரியாதவன் வீட்டுப் பெட்டியை விட்டு ஈக்கள் ஒருநாள் எழுந்து பறந்துவிடும். காலிப் பெட்டி திண்ணையில் கிடக்கும். அதைப் பார்க்கும் அண்டை வீட்டார் பத்துப் பேர், இந்தத் தொழில் ஏழைக்கு ஆகாது என்று முடிவு செய்துவிடுவார்கள்.

மிக அண்மைக் காலத்தில், இவ்விஷயம் மிகப் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது வங்காள தேசத்தில். அங்கே 1972இல் பசல் ஹசன் அபேத் என்பவர் நிறுவிய ப்ராக் என்னும் ஸ்தாபனம் சிறு கடன் கொடுப்பதில் பேர் பெற்றது. ஆயினும் ஊரில் மிகவும் வறியவர்கள் அக்கடன் குழுக்களில் சேருவதில்லை என்பதை அதன் ஊழியர்கள் கண்டார்கள். சேர்ந்தாலும் நிலைப்பதில்லை. வாரத் தவணை கட்ட முடியாதவர்களைக் குழுவிலுள்ள மற்றவர்களே சேர்த்துக்கொள்ள அஞ்சினார்கள். இது நம் நாட்டுச் சுயஉதவிக் குழுக்களிலும் காணாத காட்சியன்று. ஆகையால் 2002ஆம் ஆண்டில், வடபகுதியிலுள்ள ரங்க்பூர், நீல்பமாரி, குரிகிராம் ஜில்லாக்களில் அந்த ஸ்தாபனம் வேறு முறையைத் தொடங்கிற்று.

அம்முறையில் முதலாவது காரியம் ஆள் தேர்வு. ஊரார் ஓரிடத்தில் கூடித் தரையில் ஊரின் படம் வரைந்து, ஒவ்வொரு வீட்டையும் வசதிக்கேற்ப வரிசைப்படுத்துவார்கள். கடைசி வரிசையில் வருகிற வீடுகளுக்கு ஊழியர்கள் நேரில் சென்று பார்ப்பார்கள். பத்து சென்டுக்குக் குறைந்த நிலம், வேலை செய்யும் ஆண் துணையின்மை, வீட்டு வேலையோ பிச்சையோ ஜீவனம், பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளை வேலைக்குப் போதல் முதலியன அடையாளங்களாகக் கொள்ளப்பட்டன. தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்ணுக்குப் பசு, ஆடு, கோழி போன்றவற்றுள் ஒன்று கடனாக அன்றி இலவசமாகவே கொடுக்கப்பட்டது. அது வருமானம் தரும் வரையில் பசிக்கு விற்றுவிடாதிருக்கச் சிறு உதவித்தொகையும் கொடுக்கப்பட்டது. தொழிற்பயிற்சி, சேமிப்பு, வைத்திய உதவி ஆகியவையும் சேர்ந்தன. இவ்வளவுக்கும் மேலாக, சுமார் இரண்டாண்டுக் காலம் வாரந்தோறும் ஓர் ஊழியர் வீட்டுக்கு வந்துபோனார்.

அந்த ஊழியர் வந்து செய்தது பெரிய பிரசங்கமன்று. ஆட்டைத் தூக்கிப் பார்ப்பார், தீனியைப் பார்ப்பார், தடுப்பூசி நாளை நினைவூட்டுவார், சென்ற வாரம் எத்தனை முட்டை, எத்தனை விற்றது, எத்தனை வீட்டில் சமைத்தது என்று கேட்பார். கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுப்பார். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உப்பு சர்க்கரைக் கரைசலைப் பற்றிச் சொல்வார். எந்த அலுவலகத்துக்கு எந்தக் காகிதம் எடுத்துப் போக வேண்டும் என்பதைச் சொல்வார். ஊரின் பெரிய மனிதர்களைக் கொண்ட கமிட்டியும் அமைக்கப்பட்டது. பொறாமையினாலோ வழக்கினாலோ அப்பெண்ணின் பசுவை யாரும் அபகரியாதபடி காப்பது அதன் கடமைகளுள் ஒன்று.

இம்முறையின் பலன் நன்கு அளக்கப்பட்டிருக்கிறது. வங்காள தேசத்தில் 1,309 கிராமங்களில் நடந்த ஆராய்ச்சியில், நான்காண்டுக்குப் பிறகும் இப்பெண்களின் வருமானம் உதவி பெறாத ஊர்களின் ஒத்த நிலைப் பெண்களினுடையதைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தது. அவர்கள் ஒழுங்கற்ற கூலி வேலையை விட்டுக் கால்நடைத் தொழிலுக்கு மாறியிருந்தார்கள். எத்தியோப்பியா, கானா, ஹோண்டூரஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு தேசங்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களிடையே நடத்திய சோதனையின் முடிவுகள் 2015இல் வெளிவந்தன. உதவி முழுவதும் நின்று ஓராண்டு கழித்தும் உணவிலும் சேமிப்பிலும் வருமானத்திலும் அபிவிருத்தி நிலைத்திருந்தது. மேற்கு வங்காளத்து முர்ஷிதாபாத் ஜில்லாவில் பந்தன் என்னும் ஸ்தாபனம் நடத்திய வேலையில், பத்தாண்டுக்குப் பின்னரும் அக்குடும்பங்கள் முன்னேறியே இருந்தன.

பலன் பசுவினாலா, உடன் வந்தவராலா என்று கேட்பவர் இருப்பர், கேட்க வேண்டியதே. கானா தேசத்தில் இதனைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியாருக்கு ஆடு, பயிற்சி, உதவித்தொகை, வாரந்தோறும் வருகை எல்லாம் கிடைத்தன. மற்றொரு பகுதியாருக்கு ஆடு மாத்திரம் கொடுக்கப்பட்டது. வேறொரு பகுதியாருக்குச் சேமிப்பு வசதி மாத்திரம் அளிக்கப்பட்டது. முழு உதவி பெற்றவர்களிடம் கண்ட நிலையான முன்னேற்றம், ஆடு மட்டும் பெற்றவர்களிடம் காணப்படவில்லை. இதிலிருந்து வருகை ஒன்றே போதும் என்று முடிவு கட்டலாகாது. பொருளும் துணையும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பது வரையில் சொல்லலாம்.

தோல்விகளையும் மறைக்கலாகாது. ஹோண்டூரஸில் மிகப் பலர் கோழியைத் தேர்ந்தெடுத்தார்கள். நோய் வந்து கோழிகள் மாண்டன. எத்தனை முறை வீட்டுக்குப் போனாலும் செத்த கோழி முட்டையிடாது. அக்கால ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்த மேதக் ஜில்லாவில் இம்முறை நடத்தப்பட்டபோது, பெண்கள் கால்நடையால் பெற்ற வருமானத்தளவு கூலி வருமானத்தை இழந்தார்கள். நிகர லாபம் இல்லை. அக்காலத்தில் அங்கே கூலி வேலை ஓரளவு கிடைத்துக்கொண்டிருந்ததும், 2005ஆம் ஆண்டின் கிராம வேலையுறுதிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்ததும் கவனிக்கத்தக்கன. வழித்துணையாக வருகிறவர், மாடு வளர்க்கும்படி சொல்லுவதற்கு முன், இந்த வீட்டுக்கு மாடு வேண்டுமா என்று கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது மேதக் கற்பித்த பாடம். தமிழ்நாட்டிலும் வேலையுள்ள இடத்தில் நல்ல உடல்வலி உள்ளவருக்குக் கூலியே மேல் என்று கூறும் நேர்மை அவருக்கு வேண்டும்.

இனி, அந்த மனிதர் யாராக இருக்கலாம் என்பதைப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு கசப்பான சரித்திரம் குறுக்கே நிற்கிறது. பிறமலைக் கள்ளர் மக்கள்மீது 1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் சுமத்தப்பட்டிருந்த காலத்தில், மதுரை ஜில்லாவில் கள்ளர் சீர்திருத்தம் என்னும் பெயரால் பள்ளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் ஏற்படுத்தப்பட்டன. அப்பள்ளிகளால் நன்மை விளைந்ததென்பதை யாரும் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு கை கடனை நீட்ட, அதே அதிகாரத்தின் மறு கை பெயர்ப்பதிவையும் கைரேகையையும் வாங்கிற்று. சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டு அச்சட்டம் நீக்கப்படும்வரை, வழிகாட்டுதல் எது, காவல் எது என்று அம்மக்கள் பிரித்தறிய முடியாதிருந்தது. வருகிறவருக்குத் தண்டிக்கும் அதிகாரம் இருக்குமானால், போகிற வீட்டில் உண்மை கிடைக்காது. மாடு செத்ததை மறைப்பார்கள், நன்றாயிருக்கிறது என்பார்கள்.

இதனால்தான் கடன் வசூலிப்பவரும் வழித்துணையும் ஒருவராக இருத்தலாகாது. சங்கத்தின் செயலாளரோ வசூல் ஊழியரோ எவ்வளவு நல்லவராயினும், அவரைக் கண்டவுடன் ஏழை அங்கத்தினருக்கு நினைவு வருவது தவணை. கடன் கொடுத்த ஜாதியார் ஒருபுறமும் வாங்கியவர் மற்றொரு புறமுமாக இருக்கும் ஊரில் இது இன்னும் கடினம். வருகிறவர் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடிப்பாரா என்பதை முதல் நாளே அவ்வீட்டார் கவனித்து விடுவார்கள். உட்காராதவர் சொல்லும் யோசனை எத்துணை நல்லதாயினும் வாசலோடு நின்றுவிடும்.

புதுக்கோட்டை ஜில்லாவில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் இதில் பின்பற்றத்தக்க ஒரு முன்மாதிரி. கற்பித்த தொண்டர்களிற் பெரும்பாலோர் ஊதியமில்லாதவர்கள். சம்பள உத்தியோகஸ்தர்கள் அல்லர். அதே ஊர்களைச் சேர்ந்த இளைஞர்களும் பெண்களும். எழுத்தோடு நில்லாமல் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல் உடைக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். பயந்தவர்கள் தம்மைப் போன்ற ஒருத்தி செய்வதைப் பார்த்துச் செய்தார்கள் என்பதே அவ்வியக்கத்தின் பலம். வயதுவந்தோருக்குக் கற்பிப்பது குழந்தைக்குக் கற்பிப்பது போன்றதன்று. நாற்பது வயதானவருக்குத் தெரியாததை எடுத்துக்காட்டுவதைவிட, தெரிந்ததைக் கண்டுபிடித்து அதிலிருந்து தொடங்குதல் நன்று. கூலிக்கு மாடு மேய்த்த பெண்ணுக்கு எந்தப் புல்லை மாடு விரும்பும் என்பது வந்தவரைவிட நன்றாகத் தெரியும். அவளுக்குத் தெரியாதது சினை ஊசி போடுமிடமும், பால் சங்கச் சீட்டில் கொழுப்புச் சத்துக்கு எதிரே எழுதிய எண்ணின் பொருளும் மட்டுமே.

ஆகவே சங்கத்தில் பல ஆண்டு கறவை மாடு வைத்துத் தவணையை முடித்த அங்கத்தினர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதே தக்கது. பெண் கடன்காரருக்குப் பெண்ணே துணையாக இருத்தல் நலம். ஒருவரிடம் எத்தனை வீடுகளை ஒப்புவிக்கலாம் என்பதிலும் அனுபவம் உண்டு. ஜெர்மனியில் எல்பர்பெல்ட் என்னும் நகரத்தார் 1853இல் ஏழைகளுக்கு உதவும் முறையைத் திருத்தியமைத்தபோது, ஊதியமில்லாத நகரவாசி ஒருவருக்கு நான்கு குடும்பங்களுக்கு மேல் ஒப்புவிப்பதில்லை என்றும், அவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையேனும் வீட்டுக்குச் செல்ல வேண்டும் என்றும் விதித்தார்கள். சம்பளம் பெறாத மனிதரால் அதற்கு மேல் முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நான்கு வீட்டுக்கு மேல் போனால் வருகை கணக்குக்காகச் செய்யப்படும், பேச்சு குறையும். முப்பது வீடுகளை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, வழிகாட்டுதல் பயன்படவில்லை என்று தீர்மானம் நிறைவேற்றுவது நியாயமாகாது. போக்குவரத்துச் செலவுக்கும், வேலை கெடுவதற்கு ஈடாகச் சிறு தொகைக்கும் சங்கத்தின் பொது நல நிதியிலிருந்து விதிகளுக்குட்பட்டு வழி செய்தால், அது வாராக்கடனாகப் போகும் தொகையில் ஒரு சிறு பாகமேயாகும்.

வருகையின்போது எழுத வேண்டிய குறிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாற்பது பக்கக் குறிப்புப் புத்தகம் ஒன்று கடன்காரர் வீட்டிலேயே இருக்க வேண்டும். துணைவரின் பையில் அன்று. ஊசி போட்ட தேதி, அதிலிருந்து 21 நாள் கழித்துக் கவனிக்க வேண்டிய தேதி, சினைப் பரிசோதனைக்குரிய தேதி, வாராவாரம் பால் அளவு, புண்ணாக்குச் செலவு ஆகியவை அதில் இருந்தால் போதும். ஆடாயின், சினைக்காலம் ஐந்து மாதம் என்பதால் ஈனும் நாளையும், மழைக்கு முன் துள்ளுமாரித் தடுப்பூசி போட வேண்டிய நாளையும், குடற்புழு மருந்து கொடுத்த நாளையும் குறிக்கலாம். எழுதத் தெரியாதவராயின் பள்ளி செல்லும் பிள்ளையைக் கொண்டு எழுதச் செய்யலாம். பிள்ளையும் இல்லாவிடில் நாட்காட்டியில் மஞ்சள் பொட்டு வைத்துக் காட்டலாம். அப்புத்தகத்தை நிர்வாகக் குழு கேட்டு வாங்கிப் பார்ப்பதில்லை என்பது முன்னரே எல்லோர்க்கும் சொல்லப்பட வேண்டும். தணிக்கைக்குப் போகும் புத்தகத்தில் மனிதர்கள் நல்லதையே எழுதுவார்கள்.

கெட்ட செய்தி முதலில் வந்து சேருகிறதா என்பதைக் கொண்டே இந்த உறவு நன்றாக நடக்கிறதா என்று அறியலாம். பசு தீனி தின்னவில்லை என்று அன்று மாலையே சொல்லி அனுப்பினால் மருத்துவர் வரக் காலமிருக்கும். மாண்டே போனாலும், காப்பீடு செய்த மாடாயின் காதுவில்லையோடு உடலைப் புதைக்காமல் வைத்துக் கால்நடை மருத்துவரின் சான்று பெற வேண்டும் என்பது அப்போதுதான் சொல்லப்பட முடியும். துக்கத்தில் மாட்டைப் புதைத்துவிட்டு மறுநாள் சங்கத்துக்கு வரும் ஏழைக்கு ஈட்டுத்தொகை கிடைப்பது அரிது.

விலகுவதிலும் முறை உண்டு. ஓர் ஈற்று முழுவதும், அதாவது பசு வாங்கிய நாள் முதல் அடுத்த கன்று பிறந்து பால் சங்கத்தில் மீண்டும் ஊற்றத் தொடங்கும் வரையில், துணை நீடிக்க வேண்டும். இது ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை ஆண்டுக் காலம். முதல் ஆறு மாதம் வாரத்துக்கு ஒருமுறை, பின்னர்ப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகலாம். மருத்துவ நிலையத்துக்கு முதல் தடவை துணைவர் உடன் சென்று பேசட்டும். இரண்டாந் தடவை உடன் சென்று வாயிலில் நிற்கட்டும். மூன்றாந் தடவை அந்த அங்கத்தினரே சென்று வந்து நடந்ததைச் சொல்லட்டும். சங்கக் கூட்டத்திலும் அப்படியே. முதல் கூட்டத்தில் பக்கத்தில் அமர்ந்திருந்தவர், பிறகு தம் வழக்கமான இடத்துக்குப் போய்விட வேண்டும். என்றைக்கு அந்த அங்கத்தினர் எழுந்து, தம் தவணைத் தேதியைப் பால் பட்டுவாடா நாளுக்கு மாற்றித் தர வேண்டும் என்று தாமே நிர்வாகிகளைக் கேட்கிறாரோ, அதற்கு அடுத்த வாரம் துணைவர் அவ்வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.